சின்னப் பை பிளேட்லெட் சீக்கிரம் செத்துப் போகுமா?

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 54 வயது, எடை 62 கிலோ, எலும்பு மஜ்ஜை வேலை செய்யாத ஏபிளாஸ்டிக் அனீமியா. முதல் தடவை பிளேட்லெட் (ரத்தக்கசிவை நிறுத்தும் தட்டணு) சின்னப் பை, அதாவது முழு ரத்தத்திலிருந்து பிரித்த ஆர்டிபி, நான்கு ஏற்றினார்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 8,000 இருந்த கவுண்ட் மறுநாள் காலையில் 19,000, அதற்கு அடுத்த நாள் 11,000. அன்று அவருக்குக் காய்ச்சலும் இருந்தது. இரண்டாம் தடவை கடன் வாங்கி எஸ்டிபி, ஒரே ஆளிடம் மெஷினில் எடுத்த பெரிய பை. 8,000 மறுநாள் 41,000 ஆனது, மூன்று நாள் கழித்துப் பார்த்தால் 14,000. தயாரிக்கிற முறையால்தான் சின்னப் பை சீக்கிரம் செத்துப் போகிறதா, இனி எஸ்டிபி மட்டும்தான் கேட்க வேண்டுமா, நானும் சித்தப்பாவும் ஓ பாசிட்டிவ், நாங்களே கொடுக்கலாமா என்று மூன்று கேள்வி.

கேட்டது தயாரிப்பு முறையைப் பற்றித்தான். ஆனால் உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. மலிவான பையை வாங்கிக் கொடுத்து அப்பாவுக்குக் குறை வைத்துவிட்டோமோ என்கிற உறுத்தல். அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், இல்லைங்க. நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே அதைக் காட்ட முடியும், கொஞ்சம் பொறுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ரத்த வங்கியில் டெக்னீஷியனாக 22 வருடம், முதலில் ஈரோடு, அப்புறம் கோவை. பை தயாரிப்பது, சோதிப்பது, ஏற்றிய பிறகு "கவுண்ட் ஏறவே இல்லையே" என்று வார்டிலிருந்து வரும் போனுக்குப் பதில் சொல்வது, இதுதான் என் வேலை. அந்த அளவுக்குள் நின்று சொல்கிறேன். உங்கள் அப்பாவின் சிகிச்சையைப் பற்றி அவர் டாக்டர்தான் பேச வேண்டும்.

சின்னப் பை எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒருவர் 350 மில்லியோ 450 மில்லியோ முழு ரத்தம் கொடுக்கிறார். அதிலிருந்து பிளேட்லெட்டைப் பிரிக்க இரண்டு வழி. பிஆர்பி (பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மா) முறையில் முதலில் சென்ட்ரிஃபியூஜில் மெதுவாகச் சுற்றுவோம், சாஃப்ட் ஸ்பின் என்போம். சிவப்பணு அடியில் இறங்கிவிடும், பிளேட்லெட் மேலே பிளாஸ்மாவோடு மிதக்கும். அந்தப் பிளாஸ்மாவை அடுத்த பைக்குத் தள்ளி, இந்த முறை வேகமாகச் சுற்றினால் பிளேட்லெட் எல்லாம் பையின் அடியில் ஒரு பொட்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும். மேலே இருக்கும் பிளாஸ்மாவில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, 50, 60 மில்லி மட்டும் விட்டு, பையை ஒரு மணி நேரம் அசைக்காமல் படுக்க வைப்போம். இந்த ஒரு மணி நேரம் முக்கியம். அவசரப்பட்டு உடனே கலக்கினால் கட்டி கட்டியாகிவிடும், அது திரும்பக் கரையாது. புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இதைச் செய்து திட்டு வாங்கியிருப்பார்கள், நானும் வாங்கினேன்.

இன்னொன்று பஃபி கோட் முறை. இதில் தலைகீழ், முதலிலேயே வேகமான சுற்று. அடியில் சிவப்பணு, மேலே பிளாஸ்மா, நடுவில் பால் ஏடு மாதிரி ஒரு வெளிறிய படலம். வெள்ளணுவும் பிளேட்லெட்டும் அதில்தான் இருக்கும். அந்த ஏட்டை மட்டும் தனியே எடுத்து, மெதுவாகச் சுற்றி, வெள்ளணுவைக் கீழே தள்ளிவிட்டு பிளேட்லெட்டை எடுத்துக்கொள்வோம். இங்கே பிளேட்லெட் பிளாஸ்டிக் மேல் போய் மோதுவதில்லை, சிவப்பணு மெத்தை மேல் உட்காருகிறது. அதனால் அடி குறைவு, வெள்ளணுக் கலப்பும் குறைவு.

எஸ்டிபி மெஷின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, உள்ளேயே சுற்றிப் பிளேட்லெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைத் திரும்ப அதே ஆளுக்கு அனுப்பிவிடும். கொடுப்பவர் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சேரில் உட்கார வேண்டும்.

இந்தச் சுற்றுகளும் அழுத்தலும் பிளேட்லெட்டைத் தொந்தரவு செய்கின்றனவா என்றால், செய்கின்றன, அதில் சந்தேகமே இல்லை. பிளேட்லெட்டின் வேலையே எங்காவது உரசினால் விழித்துக்கொண்டு ஒட்டுவது. பொட்டாக அமுக்கி வைத்தால் அதில் ஒரு பகுதி 'காயம் பட்டுவிட்டது' என்று நினைத்து விழித்துக்கொள்கிறது. அப்படி விழித்தவற்றின் மேல் பி-செலக்டின் என்கிற புரதம் வெளியே தெரியும், அதை அளக்கலாம். முதல் நாளில் அளந்தால் பிஆர்பி பையில் அது கூடுதலாகவும் பஃபி கோட் பையில் குறைவாகவும் இருக்கும். ஆனால் ஐந்தாம் நாள் அளந்தால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மங்கிப்போகிறது. அலமாரியில் இருக்கிற நாட்களே எல்லாவற்றையும் ஒரே மாதிரி களைக்க வைத்துவிடுகிறது.

ஆய்வகத்தில் தெரிகிற இந்தக் காயம் நோயாளியின் உடம்பில் எத்தனை நாள் ஆயுளைக் குறைக்கிறது? இங்கேதான் உறுதி குறைகிறது. அமெரிக்காவில் முழு ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளேட்லெட்டுக்கு நெடுங்காலமாக பிஆர்பி, ஐரோப்பாவில் பஃபி கோட், இரண்டு பக்கமும் லட்சக்கணக்கான பேருக்கு ஏற்றியாகிவிட்டது. இன்றைக்கும் ஒன்று மற்றதைவிட உடம்பில் அதிக நாள் நிற்கிறது என்று தீர்மானமாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை. எஸ்டிபியை பிஆர்பி பைகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் எஸ்டிபிக்குக் கவுண்ட் ஏற்றம் சற்றுக் கூடுதல், பஃபி கோட்டோடு ஒப்பிட்டால் அதுவும் தெளிவாக இல்லை. ரத்தக்கசிவு குறைந்ததா என்று பார்த்தால் எந்த முறைக்கும் தனிப் பெருமை கிடைக்கவில்லை. எங்கள் துறையிலேயே எஸ்டிபி உசத்தி என்று அடித்துப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதி எது என்பதைக் கீழே சொல்கிறேன்.

முறையைவிடப் பல மடங்கு முக்கியம் சூடும் அசைவும். பிளேட்லெட்டை 20 முதல் 24 டிகிரியில், அஜிடேட்டரில் நிற்காமல் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும், ஆயுள் 5 நாள். ஒரு காலத்தில் மற்ற ரத்தம் மாதிரி இதையும் ஃபிரிட்ஜில்தான் வைத்தார்கள். 1969-ல் மர்ஃபி, கார்ட்னர் என்ற இரண்டு பேர் குளிரில் வைத்த பிளேட்லெட்டையும் அறை வெப்பத்தில் வைத்ததையும் ஏற்றிப் பார்த்து, குளிரில் வைத்தது ஓரிரு நாளில் காணாமல் போகிறது என்று காட்டினார்கள். தட்டு மாதிரி இருக்கிற பிளேட்லெட் குளிரில் உருண்டையாகிறது, மேல்தோலில் இருக்கும் சர்க்கரைப் பூச்சு கலைகிறது, கல்லீரல் அதைப் பார்த்து 'இது கெட்டுப்போனது' என்று பிடித்துத் தின்றுவிடுகிறது. இந்தக் கல்லீரல் கதை 2000-க்குப் பிறகுதான் விளங்கியது. உடனடி ரத்தக்கசிவை நிறுத்தக் குளிர் பிளேட்லெட் உதவும் என்று இப்போது மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது, ஆனால் உங்கள் அப்பா மாதிரி நாட்கணக்கில் கவுண்ட் நிற்க வேண்டியவருக்கு அது பொருந்தாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் பக்கம் பை பாழாவது பெரும்பாலும் ரத்த வங்கிக்கு வெளியே. சில வருடம் முன்பு, ஊர் பெயர் வேண்டாம், ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பி ஆறு பை வாங்கிப் போனார்கள். நாங்கள் ஐஸ் வைக்காமல்தான் கொடுத்தோம். வழியில் அந்த அண்ணன், பாவம், நல்லது செய்வதாக நினைத்து, பேக்கரியில் நிறுத்தி ஐஸ் கட்டி வாங்கிப் பெட்டிக்குள் கொட்டி, இரண்டு மணி நேரம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "ரத்தம்னா ஐஸ்ல தானுங்க வெப்பாங்க?" என்று பிறகு என்னிடமே கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, சிவப்பணு பைக்கு அது சரி. பிளேட்லெட் பைக்கு ஐஸ் கூடாது, மே மாத வெயிலில் பைக் டேங்க் கவரில் வைத்துக் கரூர் ரோட்டில் போவதும் கூடாது. ஏசி காரில் மடியில் வைத்துக்கொண்டு போனால் போதும். அந்தக் கொஞ்ச நேரம் அஜிடேட்டரில் இல்லையே என்று பயப்பட வேண்டாம், அதை அது தாங்கும். வார்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜில் வைக்காமல் உடனே ஏற்றச் சொல்லுங்கள்.

பையை நீங்களே பார்க்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சுழற்றினால், உள்ளே சிறுமுகைப் பட்டுத் துணியைத் திருப்பியது மாதிரி ஒரு மினுமினுப்பு ஓடும். தட்டு வடிவம் கெடாத பிளேட்லெட் வெளிச்சத்தைத் திருப்புவதால் வருவது அது. மினுமினுப்பு இல்லாமல் மந்தமாகக் கிடந்தால் உருண்டையாகிவிட்டது என்று அர்த்தம். காற்று சரியாகப் புகாத பையில் வைத்தாலோ, ஆட்டாமல் விட்டாலோ பிளேட்லெட் லாக்டிக் அமிலத்தைக் கக்கும், புளிப்பு ஏறும், பிஎச் 6.2-க்குக் கீழே இறங்கினால் அது உடம்பில் நிற்காது. பழைய பைகளில் 3 நாள்தான் வைக்க முடிந்தது, காற்று புகும் பிளாஸ்டிக் வந்த பிறகுதான் 5 நாள். அமெரிக்காவில் 1984-ல் 7 நாள் வரை அனுமதித்து, பாக்டீரியா வளர்கிறது என்று 1986-ல் மறுபடி 5-க்கு இறக்கினார்கள். ஆக, அந்த 5 நாள் கணக்கு பிளேட்லெட் சாகிறது என்பதைவிடக் கிருமி வளரும் என்கிற பயத்தில் வந்தது.

சரி, இப்போது உங்கள் அப்பாவின் எண்களுக்கு வருவோம். 350 மில்லி ரத்தத்திலிருந்து எடுக்கிற சின்னப் பையில் குறைந்தது 3,500 கோடி பிளேட்லெட் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தர அளவு. எஸ்டிபியில் 30,000 கோடி. நான்கு சின்னப் பை என்றால் 14,000 கோடி. அதாவது முதல் தடவை அவருக்குப் போனது எஸ்டிபியில் பாதி கூட இல்லை. 62 கிலோ ஆளுக்கு ரத்தம் சுமார் 4.3 லிட்டர். ஏற்றுவதில் மூன்றில் ஒரு பங்கை மண்ணீரல் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அது எல்லாருக்கும் நடப்பது. மிச்சத்தை வகுத்துப் பார்த்தால் நான்கு சின்னப் பைக்கு அதிகபட்சம் 21,000, 22,000 ஏறலாம், எஸ்டிபிக்கு 46,000. மறுநாள் காலையில் பார்த்ததால் அதற்குள் கொஞ்சம் செலவாகியிருக்கும். உங்களுக்குக் கிடைத்தது 11,000, 33,000.

உடம்பின் பரப்பையும் ஏற்றிய எண்ணிக்கையையும் சேர்த்து வகுக்கிற ஒரு கணக்கு எங்களிடம் உண்டு, சிசிஐ என்போம். அவர் உடம்புக்குச் சுமார் 1.65 சதுர மீட்டர் என்று வைத்துப் போட்டால் முதல் தடவை 13,000 பக்கம், இரண்டாவது 18,000 பக்கம் வருகிறது. 24 மணி நேரத்தில் 4,500-க்கு மேல் இருந்தாலே பிளேட்லெட் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். இரண்டு தடவையும் நன்றாகவே பிடித்திருக்கிறது! முதல் தடவை கொஞ்சம் குறைந்ததற்குக் காய்ச்சல் காரணமாக இருக்கலாம், ஐந்தாம் நாள் பையாக இருந்திருக்கலாம், க்ரூப் மாறிய பை கலந்திருக்கலாம். தயாரிப்பு முறையும் ஒரு சிறு காரணமாக இருக்கலாம், ஆனால் இந்த இரண்டு எண்ணை வைத்து இதில் எது என்று பிரிக்கவே முடியாது. இன்னொன்று, எல்லாப் பையையும் நாங்கள் எண்ணுவதில்லை, மாதிரிக்குச் சில பைகளைத்தான் எண்ணுகிறோம். நான் போட்டது குறைந்தபட்ச எண்ணை வைத்து. பையில் அதைவிடக் கூடுதலாக இருந்திருந்தால் சிசிஐ இன்னும் இறங்கும்.

ஏறியது ஏன் நிற்கவில்லை என்பதுதான் உங்களை வாட்டுகிறது. நல்ல உடம்பில் பிளேட்லெட்டின் ஆயுள் 8 முதல் 10 நாள். பிறகு ஏன் மூன்று நாளில் 27,000 போச்சு? ஹான்சன், ஸ்லிக்டர் என்ற இருவர் 1985-ல் மஜ்ஜை செயலிழந்தவர்களையே எடுத்துக்கொண்டு அளந்தார்கள். ரத்தக் குழாயின் உள்பூச்சைப் பழுது பார்க்க உடம்புக்குத் தினமும் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 7,100 பிளேட்லெட் வேண்டும், கவுண்ட் எவ்வளவு இருந்தாலும் இந்தச் செலவு மாறாது என்று கண்டார்கள். இரண்டரை லட்சம் இருப்பவருக்கு இது சில்லறை. 41,000 இருப்பவருக்கு? பெரிய வீட்டுக்கும் ஒற்றை அறை வீட்டுக்கும் ஒரே வாடகை என்பது மாதிரி. அப்பாவுக்கு நாளுக்குச் சராசரியாக 9,000 குறைந்திருக்கிறது, முதல் தடவை ஒரே நாளில் 8,000. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், பார்த்தீர்களா? 7,100 வாடகை போக, வயதாகிச் சாவது கொஞ்சம். சின்னப் பை சீக்கிரம் சாகவில்லை. குறைவாகப் போனது, அதனால் சீக்கிரம் தீர்ந்தது. (8,000, 11,000 மாதிரி குறைந்த எண்களில் மெஷினே ஓரிரு ஆயிரம் முன்பின் காட்டும், ஆகவே ஆயிரத்துக்கெல்லாம் தூக்கம் கெடாதீர்கள்.)

எஸ்டிபி உசத்தி என்பதில் பாதி சரி என்றேனே, அந்தப் பாதி இது. உங்கள் அப்பாவுக்கு இன்னும் பல தடவை ஏற்ற வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு பையிலும் வரும் அந்நிய வெள்ளணுக்களைப் பார்த்து உடம்பு எச்எல்ஏ (அணுக்களின் மேல் ஆளுக்கு ஆள் மாறும் அடையாளம்) எதிர்ப்பை உண்டாக்கிக்கொண்டால், பிறகு அந்த அடையாளம் பொருந்தாத யார் பிளேட்லெட்டை ஏற்றினாலும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அழித்துவிடும். 1997-ல் வெளியான டிராப் என்ற பெரிய ஆய்வில், வெள்ளணு நீக்காத பை வாங்கியவர்களில் 45 சதவீதம் பேருக்கு அந்த எதிர்ப்பு வந்தது, வெள்ளணுவை வடிகட்டியவர்களுக்கு 20 சதவீதத்தையொட்டி. கவனிக்க வேண்டியது, வடிகட்டிய சின்னப் பைகளும் வடிகட்டிய எஸ்டிபியும் இதில் ஒரே மாதிரிதான் நின்றன. ஒரே ஆள் பிளேட்லெட் என்பதைவிட வெள்ளணு நீக்கியதா என்பதுதான் விஷயம். எஸ்டிபி மெஷின்களில் பெரும்பாலும் அது தானாகவே நடந்துவிடுகிறது. சின்னப் பைக்கு, குறிப்பாக பிஆர்பி பைக்கு, வெள்ளணு நீக்கும் ஃபில்டர் கேட்க வேண்டும். ஆகவே கையில் காசு இருக்கும்போது எஸ்டிபி, இல்லாதபோது ஃபில்டரோடு சின்னப் பை, கவுண்ட் நிறைய வேண்டுமென்றால் நான்குக்குப் பதில் ஆறு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2010-ல் வந்த பிளாடோ ஆய்வில் குறைந்த அளவு, நடு அளவு, அதிக அளவு என்று மூன்று விதமாக ஏற்றிப் பார்த்தார்கள், ரத்தக்கசிவில் வித்தியாசம் இல்லை, குறைந்த அளவு வாங்கியவர்களுக்கு அடிக்கடி ஏற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த 19,000 அன்றைக்கு அப்பாவைக் காப்பாற்றத்தான் செய்தது.

அடுத்த தடவை ஒன்று மட்டும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், ஏற்றி முடித்து 10 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கவுண்ட். மறுநாள் காலைக் கவுண்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு காரணம் தேட முடியாது. ஒரு மணி நேரத்திலேயே ஏறவில்லை என்றால், இரண்டு தடவை அப்படி ஆனால், எச்எல்ஏ எதிர்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஏறி மறுநாள் இறங்கிவிட்டது என்றால் காய்ச்சல், கிருமித் தொற்று, எங்காவது கசிவு, பெருத்த மண்ணீரல், சில மருந்து, இந்தப் பக்கம் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய் செலவில் இவ்வளவு சொல்லும் டெஸ்ட் வேறு இல்லை, ஆனால் நம் ஊர் வார்டுகளில் இதை எடுப்பவர்கள் குறைவு என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு டெங்கு வரும்போது ரத்த வங்கி வாசலில் நிற்கும் கூட்டத்தோடு உங்கள் நிலைமையை ஒப்பிட வேண்டாம். டெங்குவில் ஏற்றுவதையும் நோய் சேர்த்துத் தின்கிறது. கசிவு இல்லாதவர்களுக்கு முன்கூட்டி ஏற்றிப் பலனில்லை என்று சிங்கப்பூர், மலேசியாவில் செய்து 2017-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அங்கே கேட்கும் "ஏத்தியும் ஏறல" கதைகளை வைத்து உங்கள் அப்பாவுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாக, நீங்களும் சித்தப்பாவும் கொடுப்பது. ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் மூன்று நாள் விட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பிளேட்லெட் உடம்பில் நன்றாகவே வாழும், ஆனால் வேலை செய்யாது, கவுண்ட்டைப் பார்த்து ஏமாந்துபோவோம். இது சின்ன விஷயம். பெரிய விஷயம், ஏபிளாஸ்டிக் அனீமியாவுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்ற பேச்சு எப்போது வேண்டுமானாலும் வரலாம், வந்தால் முதலில் கூடப் பிறந்தவரைத்தான் பொருத்தம் பார்ப்பார்கள். அவருடைய பிளேட்லெட்டை இப்போதே ஏற்றி அப்பாவின் உடம்பு அவருக்கு எதிராகப் பழகிவிட்டால், பின்னால் மஜ்ஜை ஒட்டாமல் போகும் ஆபத்து கூடும். போதாததற்கு, ரத்த உறவு கொடுப்பதைக் கதிர்வீச்சு செய்யாமல் ஏற்றக் கூடாது, இல்லாவிட்டால் அதிலிருக்கும் வெள்ளணு நோயாளியின் உடம்பையே தாக்கும், அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். ஆகவே சித்தப்பாவை இப்போதைக்குச் சேரில் உட்கார வைக்காதீர்கள், நீங்களும் ரத்த உறவுதான், உட்கார வேண்டாம். உங்கள் மில்லிலோ காலேஜிலோ ஓ பாசிட்டிவ் நண்பர்கள் நாலைந்து பேரை, 48 மணி நேர இடைவெளி இருந்தாலே மறுபடி எஸ்டிபி கொடுக்கலாம் என்று சொல்லி, பேர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவை அந்த நண்பர்களைக் கோவைக்கு வண்டியில் கூட்டி வரச் சொல்லுங்கள், ஏசி போட்டு.